46 கிலோவில் பிறந்த ரம்பம்

மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். எத்தனை சிசி? பிளேடு எத்தனை இஞ்ச்? எடை எவ்வளவு என்று கேட்கிறவர் அபூர்வம். கடைக்காரரும் தானாகச் சொல்வதில்லை. அட்டைப்பெட்டியில் 58 சிசி, 22 இஞ்ச் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த மிஷின், பேர்பெற்ற கம்பெனியின் 30 சிசி மிஷினைவிட மலிவாகவே கிடைக்கும்போது, எது லாபம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வீட்டில் இருக்கிற வேலை என்னவோ வரப்போரத்து வேம்பில் கிளை கழிப்பதும், காற்றில் சாய்ந்த முருங்கையை அப்புறப்படுத்துவதும், அடுப்புக்கு விறகு துண்டு போடுவதும்தான். அதற்காக ஏழு கிலோவைத் தொடுகிற யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். இந்த மிஷின் பிறந்து வளர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால் அப்படி வாங்க மனம் வராது. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்ததுதான் அதன் நூறு வருஷக் கதை.

பூர்வீகம் என்று தேடிப் போனால் அது காட்டில் கிடைப்பதில்லை, ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்கள், பல் வைத்த சிறிய சங்கிலி ஒன்றை எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். இரண்டு முனையிலும் பிடி. கையால் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். பிரசவத்தில் குழந்தை வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டால், தாயின் இடுப்பெலும்பு முன்பக்கம் சேரும் இடத்தை அறுத்து விரிப்பது அன்றைய கடைசி வழிகளில் ஒன்று. 1830 வாக்கில் பெர்ன்ஹார்டு ஹைனே என்ற ஜெர்மானியர் இன்னொரு படி போனார். ஒரு தகட்டைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓடும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் அது நகரும். மயக்க மருந்து வராத காலம் அது. எலும்பை எவ்வளவு சீக்கிரம் அறுத்து முடிக்கிறார்களோ அவ்வளவுக்கு நோயாளிக்குச் செய்யும் கருணை.

பிரசவத்துக்காகவே செயின்சா என்ற இந்தச் சங்கிலி ரம்பத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று இப்போது பரபரப்பாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. கையடக்கமான அந்தக் கருவியும் மரம் அறுக்கும் ரம்பமும் நேரடித் தாய் பிள்ளை அல்ல. தகட்டைச் சுற்றி ஓடும் சங்கிலி என்ற யோசனை ஒன்றுதான் இரண்டுக்கும் பொது.

மரத்துக்கான முயற்சி தனியாகத்தான் தொடங்கியது. அமெரிக்காவில் 1883-லேயே பல் வைத்த முடிவில்லாச் சங்கிலிக்கு ஒரு காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். 1905-ல் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ், கலிஃபோர்னியாவின் ராட்சத ரெட்வுட் மரங்களைச் சாய்ப்பதற்கென்றே ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் காட்டில் வேலை செய்தவர்கள் கையில் அப்போதும் இருந்தது ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுக்கும் நீள ரம்பமும் கோடாலியும்தான்.

மிஷின் உண்மையில் காட்டுக்குள் நுழைந்தது ஜெர்மனியில். 1926-ல் ஸ்டட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்ற பொறியாளர் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டே எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைத் தூரிங்கியாவில் உள்ள டோல்மார் மலையில் ஓட்டிப் பார்த்தார்; அந்த மலையின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று. 1929-ல் ஸ்டீலும் பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தார். ஆறு குதிரைசக்தி. எடை 46 கிலோ.

46 கிலோ என்றால் கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டை. அதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறி, மரத்தின் அடியில் குனிந்து, அதிரும் யந்திரத்தைத் தரைக்குச் சமமாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மரம் முறியத் தொடங்கியதும் இருவரும் அதே சுமையோடு ஒரே நேரத்தில் விலக வேண்டும். கோடாலிக்காரர்கள் முதலில் இதைப் பார்த்துத் தயங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. கிளை கழிக்க இதைத் தூக்கலாம் என்று அன்று யாரும் நினைத்திருக்கவே முடியாது. அது அடிமரத்துக்கான யந்திரம், அவ்வளவுதான்.

பிறகு இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் மிஷின்கள் வட அமெரிக்காவுக்கு வருவது நின்றுபோனதால் கனடாவிலும் அமெரிக்காவிலும் புதிய கம்பெனிகள் முளைத்தன. போர் முடிந்ததும் அலுமினியம், மெக்னீசியம் போன்ற இலகுவான உலோகங்களில் என்ஜின் வார்ப்பது பரவியது. 1949-ல் அமெரிக்காவின் மெக்கல்லாக் கம்பெனி 25 பவுண்டு எடையில், அதாவது சுமார் 11 கிலோவில், ஒருவரே தூக்கி அறுக்கும் ரம்பத்தை விற்றது. 1950-ல் ஸ்டீல் கம்பெனியின் ஒற்றை ஆள் ரம்பம் 16 கிலோவில் வந்தது. 1959-ல் அதே கம்பெனியின் கான்ட்ரா என்ற மாடல் 12 கிலோ. அதன் சக்தி ஆறு குதிரை. முப்பது வருஷத்துக்கு முன்னால் 46 கிலோ சுமந்து கிடைத்த அதே ஆறு குதிரை. அந்த ஆண்டில்தான் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னாவும் தன் முதல் செயின்சாவை வெளியிட்டது. 1689-ல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய கம்பெனி அது.

எடை எப்படிக் குறைந்தது? உலோகம் ஒரு காரணம். என்ஜினுக்கும் செயினுக்கும் நடுவில் இருந்த பல்சக்கரப் பெட்டியை எடுத்துவிட்டு, வேகமாகச் சுழலும் என்ஜினிலிருந்து நேரடியாகச் செயினை ஓட்டியது இன்னொரு காரணம். மூன்றாவது மாற்றம் எடையைவிட முக்கியம் என்பேன். பழைய கார்புரேட்டரில் மிதவை ஒன்று இருக்கும். மிஷினைச் சாய்த்தால் பெட்ரோல் ஓட்டம் கெட்டு என்ஜின் நின்றுவிடும். அதனால் என்ஜினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பிளேடை மட்டும் திருப்புகிற மாதிரியெல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. படுக்க வைத்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் மிஷின் ஓடும். மரத்தின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் கை போகிற இடமெல்லாம் ரம்பம் போக முடிந்தது அதற்குப் பிறகுதான். கிளை கழிப்பதற்கான யந்திரமாக அது மாறியது இந்தச் சவ்வினால்தான்.

ஆனால் என்ஜின் எவ்வளவு இலேசானாலும் பல் சரியில்லையென்றால் பயனில்லை. அன்றைய செயின்களில் பற்கள் பழைய கைரம்பத்தின் பற்களைப் போலவே நேராக நின்றன. மரத்தைக் கீறிக் கீறியே தூளாக்கும், சீக்கிரம் மழுங்கும், தீட்டுவது பெரும்பாடு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபர்ட் காக்ஸ் என்ற மரவெட்டி இந்த அவஸ்தையை நன்றாக அறிந்தவர். 1946-ல் ஒருநாள் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு அடிக்கட்டையில் வண்டின் புழு ஒன்று குடைந்துகொண்டிருந்ததைக் கவனித்தார். விரல் தடிமன் புழு. இழையின் போக்கிலும் குடைகிறது, குறுக்கிலும் குடைகிறது. எந்தத் திசையும் அதற்குப் பொருட்டில்லை. காக்ஸ் அந்தப் புழுவின் வாயை ஆராய்ந்தார். உள்நோக்கி வளைந்த இரண்டு தாடைகள். இடமிருந்து வலம் ஒரு வெட்டு, வலமிருந்து இடம் ஒரு வெட்டு. அதே அமைப்பை எஃகில் செய்து, போர்ட்லாண்டில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் 1947-ல் செயின் தயாரிக்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க ஓடுகிற செயின்களில் பெரும்பான்மை அந்தப் பல்லின் வாரிசுகள்தான்.

உங்கள் பக்கத்தில் மிஷின் இருந்தால், நிறுத்திவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஒரு பல்லை மட்டும் திருப்பிப் பாருங்கள். மேல்தகடு உள்நோக்கி மடிந்து, ஓரம் கூராக இருக்கும். அதற்கு முன்னால் மொட்டையாக ஒரு சிறு மேடு. அந்த மேட்டைவிடப் பல்லின் நுனி அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் உயரம். ஒரு கடிக்கு எவ்வளவு மரம் என்பதை முடிவு செய்வது அந்த அரை மில்லிமீட்டர். ஒரு பல் இடப்பக்கம் சீவும், அடுத்த பல் வலப்பக்கம் சீவும். கூராக இருக்கும் செயின் தன்னாலேயே மரத்துக்குள் இறங்கும். மேலிருந்து அழுத்த வேண்டியதே இல்லை. வெளியே வருவது தூள் அல்ல, சின்னச் சின்னச் சீவல். மாவுபோல் தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போதுதான் ஆட்கள் மிஷின்மேல் சாய்ந்து அழுத்துவார்கள், "இந்த மிஷினுக்குப் பவர் பத்தலைங்க" என்று சொல்வார்கள். பத்தாதது பவர் அல்ல. 4 மில்லிமீட்டர் உருட்டு அரம் ஒன்று கையில் இருந்து, பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு கொடுத்தால் 30 சிசி மிஷின் செய்கிற வேலையைப் பார்த்து வியந்துபோவீர்கள். சிறிய என்ஜின் போதும் என்று ஆனது காக்ஸ் பார்த்த அந்தப் புழுவின் தயவு.

1960-களில் ஹோம்லைட் என்ற அமெரிக்கக் கம்பெனி, பிளேடும் செயினும் சேர்க்காமல் ஆறு கிலோவுக்குள் ஒரு மிஷினை விற்றது. அதற்குப் பிறகு செயின்சா மரவெட்டிகளின் கையோடு நிற்கவில்லை. பண்ணைக்காரர் வாங்கினார், குளிர்காலத்துக்கு விறகு சேர்க்கும் குடும்பத்தார் வாங்கினார்கள். காடுகளுக்கு இதில் பெரிய நஷ்டம் நேர்ந்தது. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கிற ரம்பம் எவ்வளவு தூரமான காட்டுக்குள்ளும் போகும். பிரேசில் நாடு 1998-ல் இயற்றிய சுற்றுச்சூழல் குற்றச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் செயின்சாவை விற்பதும் காட்டில் பயன்படுத்துவதும் குற்றம் என்று தனியாக ஒரு பிரிவே வைக்க வேண்டியதாயிற்று. ஒரு கைக்கருவியின் பெயரைச் சட்டத்தில் எழுதும் நிலை வந்ததற்கு அதன் எடை குறைந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எடை குறைந்ததற்கு மனித உடம்பும் விலை கொடுத்தது. கனத்த மிஷின் அதிர்வைத் தன் எடையிலேயே ஓரளவு விழுங்கிக்கொள்ளும். இலேசான மிஷின் அதை நேராகக் கைக்குக் கொடுத்துவிடும். 1960-களில் ஜப்பானின் வனத் தொழிலாளர்கள் ஏராளமானவர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. குளிர் பட்டாலே ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஊசியைப் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. மற்ற நாடுகளிலும் இதே நோய். அதன் பிறகுதான் கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்தார்கள்.

அதைவிடக் கொடிய ஆபத்து எகிறுவது. ஓடும் செயினின் நுனி மேல்பாகம் ஏதாவது ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால், பிளேடு மேல்நோக்கிப் பாய்ந்து அறுப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். செயின் நொடிக்கு 20 மீட்டர் வாக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நாம் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு வைத்து, அது தள்ளப்பட்டதும் செயின் உடனே நிற்கும்படி பிரேக் கொண்டுவந்தார்கள். இந்த மிஷினின் வரலாற்றில் அதிகம் உயிர் காத்த பாகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் அந்தத் தடுப்பு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டு அறுக்கிறவர்கள் உண்டு. மனசு பதறுகிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த மிஷினை எல்லாருக்கும் பழக்கியவை புயல்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னைத் தெருக்களை மரங்களால் அடைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தென்னையை லட்சக்கணக்கில் படுக்க வைத்துவிட்டுப் போனது. அரிவாளும் கோடாலியும் வைத்துக்கொண்டு அந்தத் தோப்புகளைச் சுத்தம் செய்ய முடியாது. கூலிக்கு அறுக்கும் மிஷின்காரர்கள் அப்போது தேவைப்பட்டார்கள். பிறகு அவரவர் வீட்டிலும் ஒன்று இருந்தால் நல்லது என்ற எண்ணம் வந்தது. தெற்கே சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்களுக்கும், மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்களுக்கும் இந்த மிஷின் இன்று அன்றாடப் பொருள்.

சீமைக்கருவேலத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்கு எடையின் அருமை தெரியும். அது ஒரே தண்டாக நேராக வளராது. தரையோடு ஐந்தாறு கிளையாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி, முள்ளோடு படர்ந்து கிடக்கும். குனிந்து ஒரு அறுப்பு, கையை நீட்டி ஒரு அறுப்பு, முள்ளுக்கு ஒதுங்கி ஒரு அறுப்பு. இரண்டு முனையும் தாங்கலில் நிற்கும் கிளையில் மேலிருந்து வெட்டினால் பாதியிலேயே வெட்டுவாய் மூடிக்கொண்டு பிளேடைக் கடித்துவிடும். மேலே கொஞ்சம் கீறிவிட்டு, கீழிருந்து மிஷினைத் தூக்கி அறுத்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இதற்கு நேர்மாறு: முதலில் கீழே ஒரு கீறல், பிறகு மேலிருந்து அறுப்பு, இல்லையென்றால் பட்டையோடு கிழிந்துகொண்டு போகும். இப்படி நூறு தடவை தூக்கி இறக்கும்போது ஏழு கிலோ மிஷின் மதியத்துக்குள் கையைத் தளர்த்திவிடும். தளர்ந்த கைதான் பிளேடின் நுனியைத் தெரியாமல் எதிலாவது கொண்டுபோய் இடிக்கும்.

ஆகவே, விறகுக்கும் கிளைக்கும் என்று வாங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். 30-லிருந்து 35 சிசி போதும். பிளேடு 14 இஞ்ச். அதைவிடத் தடித்த கட்டை வந்தால் இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். விளம்பரத் தாளில் 4 கிலோ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பிளேடு, செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் சேராத எடை. எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். எடையோடு அது எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். முன்கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கினால் பிளேடு ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். நுனி தரையைப் பார்த்துத் தொங்கினால் நாள் முழுக்க உங்கள் மணிக்கட்டுதான் அதைத் தூக்கிப் பிடிக்கும். சிறிய என்ஜினில் நீளப் பிளேடு மாட்டி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

பேட்டரி மிஷின்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். வெறும் கிளை கழிக்கும் வேலைதான் என்றால், மாந்தோப்பு, கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அதுவே மேல். கயிறு இழுக்க வேண்டாம், எண்ணெய் கலக்க வேண்டாம், அறுக்காத நேரத்தில் சத்தமே இல்லை. நாள் முழுக்கப் புளியங்கட்டையும் கருவேலங்கட்டையும் துண்டு போடுகிறவர்களுக்கு மட்டும் பெட்ரோல் மிஷின்தான் இன்னும் சரி. ஒற்றைக் கைக்கு வசதியாக, மேலே பிடி வைத்த குட்டி மிஷின்களைத் தரையில் நின்று விறகு அறுக்க வாங்கவே கூடாது. கயிறு கட்டி மரமேறப் பயிற்சி பெற்றவர்களுக்காக உண்டானவை அவை. மற்றவர் கையில் அவற்றைப்போல ஆபத்தான மிஷின் வேறில்லை.

பெட்ரோல் மிஷினில் பெரும்பாலான கம்பெனிகள் கேட்பது 50-க்கு 1 கலவை: லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயில். கைக்கணக்கில் ஊற்றாமல் அளவு பாட்டிலில் ஊற்றுங்கள். இப்போது பம்ப்பில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் கார்புரேட்டரின் சவ்வைக் கெடுக்கும். மாதக்கணக்கில் மிஷினை வைக்கப் போகிறீர்கள் என்றால் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பக்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு மிஷின் பிடிக்கிறார்கள். செயின்சாவுக்கென்று கால்கவசம் இருக்கிறது. அதன் உள்ளே நீள நீளமான செயற்கை நார் அடுக்கியிருக்கும். செயின் துணியைத் தொட்டதும் அந்த நார் வெளியே இழுபட்டு, செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். வெயிலுக்கு அது சுகமாக இருக்காது என்பது உண்மைதான்; காலையிலும் மாலையிலும் அறுத்துக்கொள்ளுங்கள். அதோடு முகத்துக்கு வலையும் காதுக்கு மூடியும் உள்ள தலைக்கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ். கையில் இருக்கிற பணம் மிஷினுக்கு மட்டும்தான் போதும் என்றால், இந்த வருஷம் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டு அறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் கவசத்தையும் சேர்த்தே வாங்குங்கள்.